கீழே மழை, மேலே வெண்பனி

கனடா என்றதும் ரொறன்ரோவின் கடுங்குளிர்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவரில், நம் வன்னியின் மாரி காலம் போல, குளிர்காலத்திலும் குடைதான் பிடிக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? பசுபிக் கடற்காற்றின் தயவால் ஜனவரிப் பகலிலும் அங்கே ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ். பெய்வது பெரும்பாலும் மழையே. மேகம் விலகிய காலையிலோ, வடக்குப் பார்த்த குசினி யன்னலைத் திறந்தால் எதிரே வெண்பனி போர்த்த மலைத்தொடர்!

உயரம்தான் காரணம். 1000 மீற்றர் ஏறினால் சுமார் 6 பாகை குறையும். நகரில் மழையாக விழுவது, 1231 மீற்றர் உயர குரௌஸ் மலையில் வெண்பனியாகிவிடுகிறது. நமது பிதுருதலாகலை அதைப்போல் இரு மடங்கு, 2524 மீற்றர். ஆயினும் பூமத்தியரேகைக்கு அண்மையில் இருப்பதால் அந்தக் காட்சி நமக்கு இல்லை.

2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 இலங்கைத் தமிழர் அக்கரையை அடைந்தனர். வன்னிப் போருக்குத் தப்பியவர்களும் அவர்களுள் இருந்தனர். தாய்மாரும் பிள்ளைகளும் வன்கூவரை அடுத்த பேர்ணபியில் தடுத்து வைக்கப்பட்டார்கள். மலை கண்ணில் பட்டதோ, என்னவோ! விடுதலையானதும் பலர் ரொறன்ரோவுக்கே போய்விட்டார்கள். கடுங்குளிர்தான்; ஆனாலும் சொந்தபந்தம் அங்கேதானே இருந்தது.