பி.டி.எஸ் சேரலாமா? கவுன்சலிங்குக்கு முன்னாடி ஒரு பல் கணக்கு!

நீட் மார்க் எம்.பி.பி.எஸ்-ஸுக்குக் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. 'பி.டி.எஸ் எடுத்துடு, பேருக்கு முன்னாடி டாக்டர்னு வந்துடும்ல' என்கிறார் மாமா. அப்பா பீரோவில் நிலப் பத்திரத்தைத் தேடுகிறார். சரியா இந்த நேரத்துலதான் நீங்க ஒரு பேப்பரும் பேனாவும் எடுக்கணும்.

4 வருஷப் படிப்பு, 1 வருஷ இன்டர்ன்ஷிப். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் கட்டணம் கையைக் கடிக்காது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டில் வருபவர்களுக்கு, தனியார் கல்லூரி என்றாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. சிக்கல், மேனேஜ்மென்ட் சீட்டில்தான்.

15 லட்சம் கல்விக் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவிகித வட்டி, 10 வருஷம் என்றால் மாசத் தவணை சுமார் 19,800 ரூபாய். படிக்கும்போது ஏறுகிற வட்டி தனி. ஆனா, புதுசா படிச்சு முடிச்சவங்களுக்குப் பல கிளினிக்குகளில் முதல் சம்பளமே 20,000-ஐ ஒட்டித்தான் இருக்கு!

ஏன் இப்படி? நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். நாமளோ பல் வலிச்சா முதல்ல கிராம்பு, அப்புறம் மாத்திரை, கடைசியாத்தான் டாக்டர். (நானும் அப்படித்தான், மறைக்க மாட்டேன்.) பெரும்பாலான ஹெல்த் இன்ஷூரன்ஸும் சாதாரண பல் சிகிச்சைக்குப் பணம் தராது. எல்லாமே பேஷன்ட் பாக்கெட்டிலிருந்துதான்.

'சொந்த கிளினிக் போட்டா சம்பாதிக்கலாமே?' சம்பாதிக்கலாம். ஆனா பில் தொகை முழுசும் டாக்டருக்கு வராது. ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து 8,000 ரூபாய் என்று வைப்போம். கேப் செய்து தரும் லேபுக்கு 1,500, பொருள்களுக்கு 1,000, வெளியிலிருந்து வரும் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு 2,000 போனால் மிச்சம் 3,500. வாடகை, அசிஸ்டன்ட் சம்பளம், கரன்ட், டென்டல் சேர் வாங்கிய கடன் எல்லாம் மாசம் 70,000 என்றால், இதுபோல 20 பேர் வந்தாதான் செலவே ஈடாகும். 21-வது பேஷன்ட்டிலிருந்துதான் உங்க வீட்டுக்கு அரிசி! தெருவில் பேர் பரவ சில வருஷங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் காசு வேணும்.

மேலே சொன்ன அந்த 2,000 யாருக்குப் போச்சுன்னு கவனிச்சீங்களா? மேலும் 3 வருஷம் எம்.டி.எஸ் முடிச்சவருக்கு. வாடகை, நாற்காலி என்ற தலைவலி இல்லாமல் கருவிப் பையோடு நாலு கிளினிக் சுற்றிச் சம்பாதிக்கலாம். ஆனா அதுக்கும் நீட் உண்டு. தனியாரில் சேர்ந்தால் கடன் இன்னொரு மடங்கு.

இவ்வளவும் தெரிஞ்சே இந்த வேலை பிடிச்சிருக்குன்னா தாராளமா சேருங்க. சேரும் முன் ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கல்லூரி ஓ.பி-க்குப் போய் உட்காருங்க. எத்தனை நாற்காலியில் பேஷன்ட் இருக்காங்கன்னு எண்ணுங்க. நாற்காலி காலியா கிடந்தா, கை பழகுறதுக்கே படிப்பு முடிஞ்சப்புறம் தனியா காசு கட்டி கோர்ஸ் போக வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் பேப்பரில் சேர்த்துக்கோங்க.