வெயில் கொல்லும் கிருமிகள்

நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, இறுக மூடி, ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வையுங்கள். காய்ச்சவில்லை, மருந்து எதுவும் போடவில்லை. ஆயினும், அத்தண்ணீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை மடிந்திருக்கும்.

இதை ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஃப்டிம் ஆக்ரா. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுக்கிறோம் அல்லவா? அந்த நீரே அசுத்தமாக இருந்தால் என்ன ஆகும்? அதை வெயிலைக் கொண்டே தூய்மையாக்கலாம் என்று அவரும் அவர் குழுவினரும் 1980-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினர். இது சிறிய செய்தியன்று. அசுத்தமான குடிநீரால் வரும் வயிற்றுப்போக்கு ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் உயிர்களைப் பறிப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

வெயிலின் சூடுதான் கிருமிகளைக் கொல்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். தண்ணீர் 50 டிகிரி செல்சியஸை எட்டினால் வேலை விரைவாக நடக்கும் என்பது உண்மையே. ஆனால் முக்கியப் பங்கு கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களுடையது. அவை நுண்ணுயிர்களை நேரே தாக்குவதோடு, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் வீரியமிக்க வடிவங்களாக மாற்றி ஏவிவிடுகின்றன. எனினும், தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் இக்கதிர்களின் பங்கு சுமார் 5 சதவீதமே. அதனால்தான் ஆறு மணி நேரம்! மேகம் மூடியிருந்தால் இரண்டு நாள்.

இந்தக் காத்திருப்பு சாதாரணமானதன்று. பொலிவியா நாட்டில் 22 கிராமப்புறச் சமூகங்களில் இம்முறையைச் சோதித்தார்கள். 2009-இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சராசரியாக, மூன்றில் ஒரு பங்கினரே முறையைச் சரிவரப் பின்பற்றியிருந்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாள் தவறாமல் பாட்டில்களை நிரப்பி, அடுக்கி, மாலைவரை காத்திருக்க எத்தனை வீடுகளில் முடியும்?

நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் வெயிலுக்கு ஒரு துணையாள் வேண்டும். முதலில் கிடைத்த துணையாள் டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர்ப் பூச்சுக்கு வெண்மை தருவதும் இதுவே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் உள்ள இல்மனைட் இதற்கு ஒரு மூலப்பொருள். 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், ஒளிபட்ட டைட்டானியம் டை ஆக்சைடைக் கொண்டு தண்ணீரையே பிளந்து காட்டினர். ஒளி பட்டதும் இதனுள் எலெக்ட்ரான்கள் ஒரு மதிலைத் தாண்டி எழுகின்றன. அதன் விளைவாக, கிருமிகளைச் சிதைக்கும் மூலக்கூறுகள் நீரில் பிறக்கின்றன. ஆனால் மதில் மிக உயரம். புற ஊதாக் கதிரால்தான் எலெக்ட்ரானை அதற்கு மேல் தூக்கிவிட முடியும். மறுபடியும் அதே 5 சதவீதம்!

மதில் தாழ்வாக உள்ள பொருள் மாலிப்டினம் டை சல்ஃபைடு. எந்திரங்களின் மசகில் சேர்க்கும் அந்தக் கரிய பொருளேதான். இதை நானோ அளவில் மெல்லிய ஏடுகளாக்கினால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வேலை செய்யும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், இவ்வேடுகளைச் செங்குத்தாக நிறுத்தி, சிறிது செம்பும் சேர்த்த ஒரு படலத்தை உருவாக்கினர். இருபதே நிமிடங்களில் 99.999 சதவீத பாக்டீரியாக்கள் அழிந்ததாக 2016-இல் அறிவித்தனர். 2023-இல் இதையே தூளாகச் செய்தபோது ஒரு நிமிடம் போதுமானதாயிற்று. தூளில் இரும்பு ஆக்சைடும் இருப்பதால் காந்தத்தைக் கொண்டு வாரி எடுத்துவிடலாம்.

நானோ அளவு எதற்கு என்கிறீர்களா? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர்! கிருமிகளைக் கொல்லும் வேலை தொடங்குவது அந்த மேற்பரப்பில்தான்.

இவை ஆய்வுக்கூட முடிவுகள் என்பதை மறக்க வேண்டாம். ஆற்று நீரின் சேறும் சகதியும் வேறு. ஆர்சனிக்கையும் ஃபுளோரைடையும் வெயில் நீக்காது. தூய்மையான நீரிலும் அழுக்குக் குவளையை விட்டால் கிருமி மீண்டும் சேரும்; குளோரினைப்போல் காவல் நிற்க அதில் எதுவுமில்லை. பாட்டில் முறையிலும் கலங்கல் ஆகாது. துகள்களின் நிழலில் கிருமிகள் தப்பிவிடும். நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாளின் தலைப்பின்மேல் நிறுத்தி, வாய்ப்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். எழுத்துக்களைப் படிக்க முடிந்தால் வெயிலில் வைக்கலாம். முடியாவிட்டால் முதலில் வடிகட்டுங்கள்.