அடிபட்ட சேறு தேறுமா?

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்தது. 87 நாள் கொட்டிய கச்சா எண்ணெய், அமெரிக்க அரசின் கணக்குப்படி, சுமார் 49 லட்சம் பீப்பாய். ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்கரை மணலில் எண்ணெய் புதைந்ததும், அதைத் தின்னும் அல்கானிவோராக்ஸ் முதலிய பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகின. யாரும் கொண்டுவந்து தூவியவை அல்ல அவை. வளைகுடாவின் தரையில் எண்ணெய் இயற்கையாகவே பல இடங்களில் கசிந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பழகிய இனங்கள் சொற்ப எண்ணிக்கையில் எப்போதும் அந்தக் கடலில் உண்டு. விருந்து வந்ததும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

பழகிய என்று சொன்னாலும் பாக்டீரியா பாடம் படிப்பதில்லை. நஞ்சு விழும்போது தாங்காதவை சாகின்றன, தாங்கும் மரபணு உள்ளவை பெருகுகின்றன. அந்த மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறி, அண்டை இனங்களுக்கும் கைமாறுகிறது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவு பல்லாண்டு கலந்த வண்டலில், பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் தூய கடற்பகுதிகளைவிட அதிகமாகக் கிடைத்தது இதனால்தான். ஆக, ஒரு சேற்றின் தாங்குதிறன் அதன் ஆரோக்கியத்துக்குச் சான்று ஆகாது. அது முன்பு பட்ட அடியின் தழும்பு. ஸ்வீடனின் ஹான்ஸ் பிளாங்கும் அவருடைய சகாக்களும் 1988இல் இதையே ஒரு சோதனை முறையாக்கினார்கள். ஓரிடத்து உயிர்க்கூட்டம் ஒரு நஞ்சை வழக்கத்துக்கு மீறித் தாங்கினால், அந்த நஞ்சு அங்கே ஏற்கெனவே வேலை செய்திருக்கிறது என்று அந்த முறை முடிவு கட்டுகிறது.

தழும்போ வேறெதுவோ, கழிவைத் தின்றால் நமக்கு லாபம்தானே என்று கேட்கலாம். லாபம் உண்டு, ஆனால் நிபந்தனையோடு. அலாஸ்காவில் 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டிக் கொட்டிய எண்ணெய், இருபது ஆண்டு கழித்தும் சில கரைகளில் சரளைக் கற்களுக்கு அடியில் கிடந்தது. தின்ன வாய் இருந்தும், அந்த ஆழத்தில் போதிய ஆக்சிஜன் இல்லை, நைட்ரஜன் போன்ற ஊட்டமும் குறைவு. பாதரசக் கதை இன்னும் மோசம்: கரைந்த பாதரசத்தைப் பாக்டீரியா ஆவியாக்கி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தனிமம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. போதாததற்கு, உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் நோய்க்கொல்லி மருந்துகளைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் குடியிருப்பதும் உண்டு. உலோகக் கழிவு முதலாவதைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாவதும் இலவசமாக வந்து சேர்கிறது.

‘ஏற்கெனவே கெட்ட இடம், இன்னும் கொஞ்சம் கொட்டினால் என்ன’ என்ற வாதம் இங்கேதான் சறுக்குகிறது. எண்ணெய்க்குத் தேறிய கூட்டம் செம்புக்கோ வெப்பத்துக்கோ தேறியிருக்க வேண்டியதில்லை. முதல் அடியில் மடிந்த இனங்களோடு அவை பார்த்துவந்த வேலைகளும் சில போயிருக்கலாம். துறைமுகச் சேற்றையும் தூய உப்பங்கழியையும் ஒரே அளவு நஞ்சால் சோதித்தால், சேறு அசையாமல் நிற்கும், உப்பங்கழி தடுமாறும். இரண்டின் வரலாறும் தெரியாத ஆய்வாளர் சேற்றுக்கே அதிக மதிப்பெண் போட்டுவிடுவார்.