பயன்படுத்துபவரிடமிருந்தே தொடங்குவோம்

பிரச்சினை ஒன்று வந்ததும் "இதற்கு யார் உதவி தருவார்கள்?" என்று கேட்கிறோம். காணியையும் கருவிகளையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இங்கே உண்மையான பிரச்சினை எது?" இந்தக் கேள்வியில் தொடங்கி, கவனித்து, செய்து பார்த்து, குறைகண்டு திருத்தித் தீர்வை உருவாக்கும் முறையை இன்று பல்கலைக்கழகங்களில் 'வடிவமைப்புச் சிந்தனை' என்று கற்பிக்கிறார்கள். பெயர் புதிதாக இருக்கலாம். ஒவ்வொரு போகமும் எதையாவது மாற்றிப் பார்க்கும் விவசாயிக்கு இந்த வேலை புதிதல்ல. அதை ஒழுங்காகச் செய்யப் பழகுவதே எமக்குத் தேவை.

ஜெய்ப்பூரில் நடந்தது

கண்ணிவெடியால் கால் இழந்த எம்மவர் பலருக்கு 'ஜெய்ப்பூர் கால்' என்ற பெயர் நன்கு தெரியும். யாழ்ப்பாணத்திலும் இதற்கென ஒரு நிலையம் உண்டு. அந்தக் கால் உருவான விதம் எமக்கு நல்ல பாடமாகும்.

இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், ஜெய்ப்பூர் நகரத்து சவாய் மான்சிங் வைத்தியசாலையில் பிரமோத் கரண் சேத்தி என்ற எலும்பு வைத்திய நிபுணர் பணியாற்றினார். கால் இழந்தவர்களுக்கு அக்காலத்தில் மேல்நாட்டு முறையிலான செயற்கைக் கால்கள் பொருத்தப்பட்டன. ஆனால் பலர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலை எடுத்தார்கள். கால் கிடைத்தும் ஏன் பயன்படுத்தவில்லை?

அந்தக் கால்கள் சப்பாத்து அணிந்து, கதிரையில் இருந்து வாழும் மனிதருக்காகச் செய்யப்பட்டவை. கிராமத்து விவசாயியோ வெறுங்காலோடு நடப்பவர், சேற்றிலும் நீரிலும் இறங்குபவர். சாப்பிடச் சம்மணம் கட்டி இருப்பார், வேலைக்குக் குந்தியிருப்பார். கணுக்கால் மடங்காத பாதத்தோடு இவற்றைச் செய்ய முடியாது. நோயாளி பிடிவாதக்காரர் அல்லர், கால்தான் அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை.

இதைத் தீர்க்கத் துணைநின்றவர் இராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞர். அதிகம் பாடசாலைப் படிப்பு இல்லாதவர், ஆனால் கைத்தேர்ச்சி மிக்கவர். ரயர் வேலைக்குப் பயன்படும் இறப்பரையே அவர்கள் பாதத்திற்கும் எடுத்தார்கள். குதியிலும் முன்பாதத்திலும் பஞ்சு போன்ற இறப்பர், கணுக்காலில் மரத்துண்டு, சுற்றிவர உறுதியான இறப்பர், இவை அனைத்தையும் அச்சில் வைத்துச் சூடாக்கி ஒன்றாக்கினார்கள். பலமுறை செய்து, நோயாளிகளை நடக்கவிட்டுப் பார்த்து, மாற்றி மாற்றியே 1968 அளவில் அந்தப் பாதம் உருப்பெற்றது. சப்பாத்து இல்லாமலே நடக்கலாம், நீரில் இறங்கலாம், குந்தியிருக்கலாம்.

1975 இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்ட தொண்டு நிறுவனம் ஒன்று இதை இலவசமாகவே வழங்கத் தொடங்கியது. 1981 இல் வைத்தியர் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. கைவினைஞரின் பெயரை அறிந்தவர்கள் இன்றும் குறைவு. ஆனால் இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தக் கால் பிறந்திருக்காது.

நாம் கற்பவை

முதலாவது, பயன்படுத்துபவரைக் கவனிக்க வேண்டும். அவர் எப்படி இருக்கிறார், நடக்கிறார், எதைக் கைவிடுகிறார் என்று பார்க்க வேண்டும். கொடுக்கப்பட்ட பொருள் ஒரு மூலையில் கிடந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு.

இரண்டாவது, கேள்வியைத் திருத்த வேண்டும். "கால் எங்கே வாங்கலாம்?" என்பது ஒரு கேள்வி. "வயலில் இறங்கக்கூடிய கால் எது?" என்பது வேறு கேள்வி.

மூன்றாவது, கையில் உள்ளதைக்கொண்டு சிறிதாகச் செய்து பார்க்க வேண்டும். சிறிதாகச் செய்தது பிழைத்தால் நட்டமும் சிறிது.

நான்காவது, தீர்ப்பைப் பயன்படுத்துபவரே சொல்லட்டும். குறை சொன்னால் கோபிக்காமல் திருத்துவோம்.

விதைநெல்லில் செய்து பார்ப்போம்

தற்காலிகக் கொட்டிலில் வைத்த விதைநெல் மாரியில் பழுதாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விதை போனால் ஒரு போகமே போய்விடும். "நல்ல களஞ்சியம் இல்லை" என்பதோடு நின்றால் களஞ்சியம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். "ஈரம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் உடனே தேடத் தொடங்கலாம். நிலத்திலிருந்தா, கூரை ஒழுக்கிலிருந்தா, அல்லது காயாத நெல்லையே கட்டிவைத்தோமா? நெல்லைக் காயவைத்துக் கட்டும் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

பின்னர் ஒரே நெல்லில் மூன்று சிறு பங்கு எடுங்கள். ஒன்றை வழமைபோல் நிலத்தில் சாக்கில் வையுங்கள். இன்னொன்றைக் கல்லின்மேல் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் உயர்த்தி வையுங்கள். மூன்றாவதை நன்றாகக் காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் இட்டு மூடுங்கள். காயாத நெல்லை அப்படி மூடினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும், கவனம்.

ஒரு மாதம் கழித்து ஒவ்வொன்றிலும் 100 நெல்லை எண்ணி, ஈரத்துணியில் வேறுவேறாகச் சுற்றி, துணி காயாமல் நீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரத்தில் முளைத்தவற்றை எண்ணுங்கள். 100 இற்கு 90 முளைத்த முறையையும் 60 முளைத்த முறையையும் ஒப்பிட எந்த உத்தியோகத்தரும் வரவேண்டியதில்லை. எது நல்லது என்பதை எண்ணிக்கையே சொல்லும். அதற்கேற்ப மாற்றி அடுத்த மாதமும் பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீரைப் பங்கிடுவதற்கும், கோழிக்கூட்டிற்கும், ஆட்டுக்கொட்டிலுக்கும் இதே வழிதான். உதவி வருமிடத்தும் இது தேவை. என்ன தேவை, ஏன் தேவை, எப்படிப்பட்டது தேவை என்று செய்து பார்த்த அனுபவத்தோடு சொல்லக்கூடிய கிராமத்திற்கு, பொருந்தாத பொருளைக் கொடுத்துவிட்டுப் போவது இலகுவல்ல.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரேயொரு பிரச்சினையை எடுங்கள். அதனால் அதிகம் கஷ்டப்படுபவரை முதலில் பேசவிடுங்கள். மற்றவர்கள் அன்று கேட்டாலே போதும். கலைந்து போகுமுன், அந்த வாரத்தில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறிய காரியத்தையும் அதைச் செய்பவரையும் தீர்மானியுங்கள்.