சிறைக்குள் ஆறாத போர்க் காயம்

2009 மே மாதத்தில் ஆயுதங்கள் மௌனித்தன. அதனைத் தொடர்ந்து அரசின் பொறுப்பில் வந்த முன்னாள் போராளிகளுள் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டுக் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் 594 பேர் சிறுவர்கள். எனினும் அதே போரின் நெருப்பைக் கடந்துவந்த வேறொரு பகுதியினர் புனர்வாழ்வு நிலையத்தின் வாசலைக் காணாது, பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் விளக்கமறியல் கைதிகளாகவும் தண்டனைக் கைதிகளாகவும் சிறைகளுக்குள் முடங்கினர். போர் முடிவதற்கு முன்னரே கைதானவர்களும் அவர்களுள் உளர். பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேலாகக் காலம் சிறைக்குள்ளேயே கழிந்தது. பொதுமன்னிப்புகளாலும் வழக்குத் தீர்ப்புகளாலும் பலர் வெளியேறிவிட்ட போதிலும் இப்பிரச்சினை முற்றுப்பெறவில்லை.

இவர்களுடைய விடுதலை குறித்து நிறையவே பேசப்பட்டும் எழுதப்பட்டும் வந்துள்ளது. ஆனால் அடைபட்டிருந்த காலத்தில் இவர்களுடைய உள்ளத்துக்கு என்ன நேர்ந்தது, அதற்கான சிகிச்சையை வழங்க வேண்டியவர் யார் என்ற வினா அதிகம் எழுப்பப்படவில்லை. அதனையே இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

போர்க்களத்தில் நின்றவனின் உள்ளம் போர் முடிந்த அன்றே போரைவிட்டு விலகிவிடுவதில்லை. தோழனின் உடல் சிதறியதைக் கண்டவன், தானே உயிரைப் பறித்தவன், பதுங்குகுழிக்குள் நாட்கணக்கில் கிடந்தவன் ஆகியோரின் நினைவில் அக்காட்சிகள் அழையாமலே மீண்டும் மீண்டும் வருகின்றன. உறக்கம் கெடுகிறது. சிறு ஓசைக்கும் உடல் அதிர்கிறது. சினம் கட்டுக்கடங்காது போகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலையைக் கண்ட பின்னரே, 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதனைத் தனியொரு நோயாக வகைப்படுத்தியது. நமது மண்ணில் இதற்கு 'மனவடு' என்ற பொருத்தமான சொல் வழங்கிவருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அப்பெயரிலேயே தமிழில் நூலொன்றை எழுதினார். போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே வடுப்படுத்துகிறது என்பது அவருடைய ஆய்வுகள் வலியுறுத்திய உண்மை.

எமது மக்கள் இந்நோயைப் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே வெளிப்படுத்துகின்றனர். 'தலையிடி', 'நெஞ்சுநோ', 'உடம்பு உளைவு', 'யோசனை கூட' என்றே வைத்தியரிடம் கூறுகின்றனர். சிறையிலும் அவ்வாறே. தலையிடி என்று வருபவருக்கு வலிமாத்திரை, நித்திரை இல்லை என்பவருக்கு நித்திரை மாத்திரை என்ற அளவில் விடயம் முடிந்துவிட்டால் மூலநோய் உள்ளேயே புரையோடும். மேலும் மனவடு உற்றவருக்குச் சிறைச்சூழலே நோயைத் தூண்டுவதாக அமைகிறது. இரும்புக் கதவின் ஓசை, இரவில் காலணிச் சத்தம், திடீர்ச் சோதனை, நெரிசல் ஆகிய யாவும் பழைய கணங்களுக்கே அவரை இழுத்துச் செல்கின்றன. இதற்கு மேல், தண்டனை எவ்வளவு, விடுதலை எப்போது என்று அறியாத நிச்சயமின்மையும் சேர்ந்துகொள்கிறது.

இவ்விடத்தில் இந்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. உளவளத்துணை என்பது பேச்சினால் நடைபெறும் சிகிச்சை. நடந்தவற்றை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வதே அதன் தொடக்கம். ஆனால் 1979ஆம் ஆண்டில் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றில் சான்றாக ஏற்க வழிசெய்தது. அது தாமாக விரும்பி அளிக்கப்பட்டதன்று என்பதை மெய்ப்பிக்கும் சுமையும் எதிரியின் தலையிலேயே சுமத்தப்பட்டது. இச்சட்டத்தின் கீழ்த் தண்டனை பெற்ற பலருக்கு எதிரான பிரதான சான்று அவர்களுடைய சொந்த வாக்குமூலமே. பேசியதனால் சிறைப்பட்ட மனிதரிடம் 'மனந்திறந்து பேசுங்கள்' என்று அரச உத்தியோகத்தர் ஒருவர் கூறினால், அவர் எவ்வாறு பேசுவார்? மௌனமே தமக்குப் பாதுகாப்பு என்று கற்றுக்கொண்டவரை அம்மௌனமே நோயாளியாக வைத்திருக்கிறது.

சந்தேகம் பேச்சுடன் நிற்கவில்லை. புனர்வாழ்வின்போது தமக்கு நச்சு ஊசி ஏற்றப்பட்டதாக முன்னாள் போராளிகள் மத்தியில் 2016ஆம் ஆண்டில் பேரச்சம் பரவியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வடமாகாண சபையிலும் அது எதிரொலித்தது. அக்குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் அரசின் கையிலுள்ள ஊசியைக் கண்டே அஞ்சும் அளவுக்கு நம்பிக்கை சிதைந்திருந்தது என்பதை அது தெளிவாகக் காட்டியது. 2021 செப்டெம்பரில் அநுராதபுரம் சிறைச்சாலைக்குச் சென்ற இராஜாங்க அமைச்சர் லொஹான் ரத்வத்த தமிழ்க் கைதிகளைத் துப்பாக்கி முனையில் அச்சுறுத்தியதாக எழுந்த குற்றச்சாட்டும், அதனையடுத்து அவர் சிறைச்சாலைகள் தொடர்பான பொறுப்பைத் துறந்ததும் நாடறிந்தவை. சிறைக்குள்ளேயே அவ்வாறான அச்சத்துக்கு ஆளானவர் அங்கு வரும் மருத்துவரையும் ஐயத்துடன் நோக்குவது இயல்பே.

இவ்வனுபவம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் இதே சட்டத்தின் கீழ் முஸ்லிம்கள் பலர் நீண்டகாலம் தடுத்து வைக்கப்பட்டனர். தீவிரவாதச் சிந்தனையிலிருந்து மீட்பது என்ற பெயரில், வழக்கு விசாரணையின்றியே ஆட்களைப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்ப இடமளிக்கும் ஒழுங்குவிதிகள் 2021 மார்ச்சில் வெளியிடப்பட்டன. அவற்றின் நடைமுறையை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. குணமாக்குதல் என்ற சொல்லே தண்டனையின் மறுபெயராக மாறினால், உண்மையிலேயே நோயுற்றவரும் சிகிச்சையை நாட அஞ்சுவார். ஆயுதம் ஏந்தியவர், ஏந்தாமலே சந்தேகத்தின் பேரில் அடைபட்டவர் என்ற வேறுபாடின்றி இருசாராரும் இதனால் பாதிக்கப்படுகின்றனர்.

ஒரு வினா எழக்கூடும். ஆயுதம் ஏந்தி உயிர்களைப் பறித்தவர்களுக்கு எதற்காக இக்கரிசனை என்பதே அது. 1990 ஒக்டோபரில் சில மணி நேர அவகாசத்தில் சோனகத் தெருவைவிட்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இவ்வினாவைக் கேட்பதற்குப் பூரண உரிமை உடையவை. பிள்ளையைப் பலவந்தமாகப் படையணிக்குப் பறிகொடுத்த தமிழ்த் தாயும் கேட்கலாம். சிகிச்சை என்பது மன்னிப்பும் அன்று, நிரபராதி என்ற தீர்ப்பும் அன்று என்பதே எமது பதில். நீதிமன்றம் விதிப்பது சுதந்திர இழப்பை மட்டுமே. நோயை அது விதிப்பதில்லை. அத்துடன் உள்ளம் தெளிந்த ஒருவரே தாம் செய்ததை நேர்கொண்டு நோக்கவும், பாதிக்கப்பட்டோர் முன்னிலையில் உண்மையைச் சொல்லவும் வல்லவராவார். உண்மையையும் பொறுப்புக்கூறலையும் வேண்டுவோருக்கும் இச்சிகிச்சை எதிரானதன்று.

மறுதரப்புப் படையினரின் நிலையும் இதிலிருந்து தொலைவில் இல்லை. போர்க்காலத்தில் இராணுவத்திலிருந்து தப்பியோடியவர்கள் பல்லாயிரவர். அவர்களுள் ஒருசாரார் பின்னாளில் குற்றச்செயல்களில் சிக்கிச் சிறைசென்றனர். போரின் வடு சிங்களம், தமிழ் என்று மொழி பார்ப்பதில்லை. அமெரிக்காவின் பஃபலோ நகரில் 2008ஆம் ஆண்டில், குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் படைவீரர்களைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக நீதிபதியின் மேற்பார்வையில் சிகிச்சைக்கு வழிப்படுத்தும் தனி நீதிமன்றம் தொடங்கப்பட்டது. பின்னர் அம்முறை அந்நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் பரவியது. அதனை அப்படியே இங்கு கொண்டுவர இயலாது. ஆயினும் போரில் பட்ட காயத்துக்கும் பிற்காலக் குற்றத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை நீதித்துறையே ஏற்றுக்கொண்டமை கவனத்திற்கொள்ளத்தக்கது.

செய்ய வேண்டியவை எவை? ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் வழிகாட்டுகின்றன. சமூகத்தில் கிடைக்கும் அதே தரத்திலான மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும். மருத்துவ இரகசியம் காக்கப்பட வேண்டும். கடும் உளநோய் உற்றவரைச் சிறையில் வைத்திராது உளநல மருத்துவ நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்பன அவ்விதிகளின் சாரம். இவற்றை நடைமுறைப்படுத்தப் புதிய மாளிகைகள் தேவையில்லை. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. 1987 முதல் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்து வந்துள்ளன. தமிழில் பேசும் இம்மருத்துவர்களும் துணையாளர்களும் வடக்கின் சிறைகளுக்கு ஒழுங்காகச் சென்றுவர ஏற்பாடு செய்யலாம். அவர்கள் சுகாதார அமைச்சின் கீழேயே இயங்க வேண்டும். பாதுகாப்புத் துறையின் நிழலும் அவர்கள்மீது படலாகாது. சிகிச்சையில் கூறப்படும் எதுவும் வழக்கில் சான்றாகாது என்ற உறுதி சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அவ்வுறுதி இன்றேல் ஏனைய யாவும் வீண்.

குடும்பத்தின் அருகாமையும் ஒரு மருந்தே. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு முழுவதும் பயணித்துச் சில நிமிடங்கள் மகனைக் கண்டு திரும்பும் வயோதிபத் தாய்மார் இன்னும் எத்தனை காலம் அலைவது? 2018இல், மனைவியின் இறுதிச் சடங்குக்காகச் சில மணி நேரம் அழைத்துவரப்பட்ட ஆயுட்கைதி ஒருவரின் பின்னால் அவருடைய சிறுமகள் சிறை வாகனத்தில் ஏறிய காட்சி தமிழர் நெஞ்சங்களை உலுக்கியது. வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறைக்கு மாற்றுவதனால் அரசுக்கு நேரும் நட்டம் எதுவுமில்லை.

விடுதலையுடன் இப்பொறுப்பு முடிவதுமில்லை. வெளியே வருபவர் அன்றே பிரதேச வைத்தியசாலையின் உளநலச் சிகிச்சையுடன் இணைக்கப்பட வேண்டும். அவரது வாசலுக்கு முதலில் வருபவர் புலனாய்வாளராக இராமல் தாதியாகவோ துணையாளராகவோ இருத்தல் வேண்டும். ஊரவராகிய நாமும் அவரை அச்சத்துடனோ ஐயத்துடனோ நோக்குவதைக் கைவிட வேண்டும்.

ஆயுதத்தைக் கீழே வைத்தவரின் உள்ளத்திலும் போர் ஓய வேண்டும். அவரைப் பல்லாண்டுகள் தன் காவலில் வைத்திருந்த அரசுக்கு அப்பொறுப்பைத் தட்டிக்கழிக்க உரிமை இல்லை.