பனிநிலத்துத் தோழன்

நுழையுமுன்

நாய் வளர்ப்போர் அதற்கு உணவிடுவர், நீர் வைப்பர், உலாவ அழைத்துச் செல்வர். நிலம் முழுவதும் பனி மூடிய நாட்டில் இச்சிறு பணிகளே உயிர்காக்கும் கடமைகளாகின்றன. அதனை விளக்குவது இப்பாடம்.

இருள் சூழ்ந்த காலை

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ளது அலாஸ்கா. அங்குள்ள ஃபேர்பேங்க்ஸ் நகரம் ஆர்க்டிக் வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ளது. டிசம்பர் இறுதியில் அங்குக் கதிரவன் நான்கு மணி நேரத்திற்கும் குறைவாகவே வானில் தோன்றும். கடுங்குளிர் நாள்களில் வெப்பநிலை -40 டிகிரி வரை இறங்கும். செல்சியஸில் அளந்தாலும் பாரன்ஹீட்டில் அளந்தாலும் இந்த அளவு ஒன்றே. தில்லியின் ஜனவரிக் குளிருக்கே கம்பளியைத் தேடும் நமக்கு அக்குளிரை எண்ணிப் பார்ப்பதும் அரிது.

அத்தகைய குளிரிலும் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் வெளியிலேயே உறங்குகின்றன. அஃது எவ்வாறு இயலும்?

இயற்கை தந்த காப்பு

இந்நாய்களுக்கு உரோமம் இரண்டு அடுக்குகளாக வளரும். உள்ளடுக்கு பஞ்சுபோல் அடர்ந்து உடல்வெப்பத்தைக் காக்கும். வெளியடுக்கு நீண்டு, பனியும் ஈரமும் உள்ளே புகாமல் தடுக்கும். உறங்கும்போது அவை உடலைச் சுருட்டி, அடர்ந்த வாலால் மூக்கை மூடிக்கொள்ளும்.

உள்ளங்காலின் அமைப்பு மேலும் வியப்பானது. அங்கே வெப்பமான குருதியைக் கொண்டுவரும் தமனிகளும், குளிர்ந்த குருதியை மீட்டுச்செல்லும் சிரைகளும் அருகருகே அமைந்துள்ளன. தமனியின் வெப்பம் சிரைக்குப் பரவுகிறது. ஆகவே, குளிர்ந்த குருதி உடலுக்குள் திரும்புமுன்னரே வெதுவெதுப்பாகிவிடுகிறது.

மனிதர் ஆற்றும் கடமை

இயற்கையின் காப்பு மட்டும் போதாது. கிண்ணத்தில் ஊற்றிய நீர் விரைவில் உறைந்துவிடும். தாகத்திற்குப் பனியைத் தின்றால் அதனை உருக்க உடல்வெப்பம் வீணாகும். எனவே, வளர்ப்பவர் விடியுமுன் எழுந்து, தலைவிளக்கை அணிந்து, வெந்நீரில் மீனோ இறைச்சியோ கொழுப்போ கலந்து கொடுக்கிறார். அச்சுவைக்காக நாய்கள் நீர் முழுவதையும் பருகிவிடும்.

நாயின் மரவீடு சிறிதாகவே இருக்கும். அப்பொழுதுதான் அதன் உடல்வெப்பமே அறையைச் சூடாக்கும். உள்ளே துணிக்கு மாறாக வைக்கோலைப் பரப்புவர். ஏனெனில், துணி ஈரத்தை உறிஞ்சி உறைந்துவிடும்.

நெடுந்தொலைவு ஓடுமுன் நான்கு கால்களுக்கும் துணிக்காலுறை அணிவிப்பர். விரலிடுக்கில் பனிக்கட்டி சேர்ந்து புண்ணாகாமல் அது காக்கும். ஓடி முடித்ததும் ஒவ்வொரு பாதத்தையும் கையில் ஏந்திப் பார்த்து மருந்திடுவர். குட்டை உரோமமுள்ள வீட்டு நாய்களுக்கோ மேலாடையும் வேண்டும். நாய் நடுங்கினாலோ, காலை மாற்றி மாற்றித் தூக்கினாலோ உடனே வீட்டினுள் அழைத்துச் செல்லவேண்டும். அதற்குப் பேசத் தெரியாது. நாம்தாம் பார்த்து அறியவேண்டும்.

புயலில் ஓடிய கால்கள்

1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் என்னும் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. அது குழந்தைகளைக் கொல்லும் கொடிய நோய். கடல் உறைந்ததால் கப்பல் வர இயலவில்லை. மருந்து தொடர்வண்டி வழியாக நெனானா என்னும் ஊரை அடைந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தொலைவை 20 ஓட்டுநர்களும் சுமார் 150 நாய்களும் மாறிமாறிக் கடந்தனர். ஆறு நாள்களுக்குள் மருந்தைச் சேர்த்தனர். டோகோ என்ற நாயின் குழு மிக நீண்ட பகுதியை ஓடியது. இறுதியில் பனிப்புயல் வழியை மறைத்தபோது, பால்டோ என்ற நாயே தடம் அறிந்து முன்சென்றது.

நாள்தோறும் அந்நாய்களின் பாதங்களைக் கையில் ஏந்திக் காத்தவர்கள் மனிதர்கள். அப்பாதங்களே ஓர் ஊரின் குழந்தைகளைக் காத்தன. அன்பு என்பது சொல்லில் மட்டும் இல்லை. விடியுமுன் எழுந்து வைக்கும் வெந்நீரிலும் இருக்கிறது.

சொல்லும் பொருளும்

உரோமம் – உடல்மயிர்
குருதி – இரத்தம்
தமனி – இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்
சிரை – இதயத்திற்குக் குருதியை மீட்டுவரும் குழாய்

சிந்தித்து விடை தருக

1. நாயின் வீட்டில் துணிக்கு மாறாக வைக்கோலைப் பரப்புவது ஏன்?
2. நாயின் உள்ளங்காலில் குருதி எவ்வாறு வெதுவெதுப்பாகிறது?
3. உங்கள் தெருவில் வாழும் நாய்களுக்குக் குளிர்காலத்தில் நீங்கள் செய்யக்கூடிய உதவிகள் இரண்டினை எழுதுக.