மின்சாரக் காரும் புகைக் கணக்கும்

மலாக்கா நகரின் வடமேற்குப் புறத்தே அமைந்த தெங்கேராவின் பெயர், அரண் எனப் பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல் ஒன்றின் திரிபாகும். பகைவரைத் தடுக்க அன்று அரண் நின்ற இடத்தில் இன்று காலையும் மாலையும் மோட்டார் வண்டிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. அங்கிருந்து கடலோரமாகக் கிளேபாங், தஞ்சோங் கிளிங் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் சுங்கை ஊடாங் வரும். 1994-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அங்குள்ளது. உள்நாட்டுப் பக்கம் திரும்பி அலோர் காஜா வட்டாரம் சென்றால், பெகோவில் 2003-இல் அமைந்த ஹோண்டா கார்த் தொழிற்சாலையைக் காணலாம். பெட்ரோலும் காரும் மலாக்கா மாநிலத்திற்கு எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இவ்வொரு வழியே சான்று.

இவ்வுறவு இன்னும் பழைமையானது. மலாயாவின் முதல் வாணிக ரப்பர்த் தோட்டத்தை 1896-இல் டான் சாய் யான் உருவாக்கியது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். உலகில் மோட்டார் வண்டி பெருகவே டயருக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. ரப்பருக்குப் பால் வெட்டும் கைகள் வேண்டியவாயின. அக்கைகளுள் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து வந்தவை. ஆதலின், காரின் உள்ளே எது எரிகிறது, அது ஏன் இப்போது மாறுகிறது என்னும் வினா, தோட்டத்தில் வேர்விட்ட குடும்பங்களுக்குத் தொடர்பற்ற ஒன்றன்று.

மின்சாரக் கார் புதியதா?

பலர் எண்ணுவதுபோல் அது நேற்றுத் தோன்றியதன்று. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஏறத்தாழ 4,200 கார்களுள் 1,681 நீராவியாலும், 1,575 மின்சாரத்தாலும் ஓடின. பெட்ரோலால் ஓடியவை 936 மட்டுமே. பின்னர் 1908-இல் ஃபோர்டின் மலிவான டி வகைக் கார் வந்தது. 1912-இல், கையால் சுழற்றாமலே எந்திரத்தைக் கிளப்பும் மின்விசை பொருத்தப்பட்டது. எண்ணெயும் மலிந்தது. பாட்டரியோ கனமாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தது. எனவே மின்சாரக் கார் பின்தங்கி மறைந்தது.

உற்பத்தியாளர் மாறுவது ஏன்?

மறைந்தது மீண்டும் வந்ததற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, சட்டம். புகையே விடாத வண்டிகளையும் ஒரு பங்கு விற்றாகவேண்டும் என 1990-இல் கலிஃபோர்னியா மாநிலம் விதி வகுத்தது. 2015-இல், சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் சூழ்ச்சி தன் டீசல் கார்களில் இருந்ததை வோக்ஸ்வேகன் ஒப்புக்கொண்டது. டீசலின் மீதிருந்த நம்பிக்கை அதனோடு சரிந்தது. 2035 முதல் விற்கப்படும் புதிய கார்கள் கரியமிலவாயுவே வெளியிடலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. அதைச் சற்றுத் தளர்த்தும் யோசனையை 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்வைத்தது. விவாதம் ஓயவில்லை என்பதற்கு அதுவே அறிகுறி.

இரண்டாவது, பாட்டரியின் விலை. ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரிக்கு 2010-இல் ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. 2024-இல் அது ஏறத்தாழ 115 டாலராக இறங்கியது.

மூன்றாவது, போட்டி. 2024-இல் உலகில் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்கள் விற்பனையாயின. மின்னேற்றும் வசதியுடைய கலப்பு வகைக் கார்களும் இக்கணக்கில் அடங்கும். இவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவில் விற்றவை. சீனாவில் சந்தையை இழந்தவன் உலகச் சந்தையையும் இழப்பான் என்ற அச்சம் பழைய நிறுவனங்களைப் பற்றிக்கொண்டது.

மலேசியாவிலும் இதன் அலை வந்து சேர்ந்தது. பெகோவில் 2012-இலேயே பெட்ரோலும் மின்சாரமும் கலந்தோடும் கார் பொருத்தப்பட்டது. புரோட்டோன் தன் முதல் முழு மின்சாரக் காரை 2024 டிசம்பரிலும், பெரோடுவா 2025 டிசம்பரிலும் வெளியிட்டன. பெரோடுவாவின் காருக்கு அப்போது குறித்த விலை 80,000 ரிங்கிட். அதில் பாட்டரி சேராது. பாட்டரிக்கு மாதந்தோறும் 275 ரிங்கிட் வாடகை. பாட்டரியே இவ்வண்டியின் பெருஞ்செலவு என்பது இதனால் விளங்கும்.

இருவகைப் புகை

மின்சாரக் கார் காற்றைத் தூய்மையாக்குமா? ஆம் என்பாரும் இல்லை என்பாரும் பெரும்பாலும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றனர். இருவரும் ‘புகை’ என்னும் ஒரே சொல்லை வழங்குவதால் குழப்பம் நேர்கிறது.

ஒருவகைப் புகை, வண்டி நிற்கும் தெருவிலேயே தீங்கு செய்வது. நுண்ணிய கரித்தூள், நைட்ரஜன் ஆக்ஸைடுகள், கார்பன் மோனாக்ஸைடு ஆகியவை இவ்வகையின. இவை நுரையீரலையும் இதயத்தையும் தாக்குபவை. மின்சாரக் காருக்குப் புகைக்குழாயே இல்லை. இவ்வகையில் அதன் வெற்றி தெளிவானது. எனினும் முழு வெற்றி அன்று. பாட்டரியின் கனத்தால் டயர் மிகுதியாகத் தேய்ந்து தூள் பறக்கிறது. வேகத்தைக் குறைக்க மோட்டாரே உதவுவதால் பிரேக்குத் தூள் மட்டும் குறைகிறது.

மற்றொரு வகை, உலகைச் சூடேற்றும் கரியமிலவாயு. இது எங்கே வெளிப்பட்டாலும் விளைவு ஒன்றே. மலேசியாவின் மின்சாரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் 2023-இல் நிலக்கரியிலிருந்தும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிவாயுவிலிருந்தும் கிடைத்தது. மலாக்காவிற்கு அடுத்த நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சனை அடுத்த ஜிமாவில் நிலக்கரி மின்நிலையங்கள் உள்ளன. தெங்கேராவில் புகையின்றி ஓடும் காருக்காக ஜிமாவில் நிலக்கரி எரியக்கூடும்.

ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது எரிந்தால் 2.3 கிலோ கரியமிலவாயு உண்டாகும். எடை கூடுவது எப்படி? பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்கிறது; 12 பங்கு கரி 32 பங்கு ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்காகிறது.

நூறு கிலோமீட்டர் ஓட 7 லிட்டர் வேண்டும் எனக் கொள்வோமாயின், குழாய்வழி வெளிவருவது 16 கிலோ. எண்ணெயைத் தோண்டுதல், ஏற்றுதல், சுத்திகரித்தல் ஆகியவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 19 கிலோ. அதே தொலைவுக்கு மின்சாரக் கார், ஏற்றும்போது ஆகும் இழப்பு உட்பட, 17 யூனிட் செலவிடும் எனலாம். தீபகற்பத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ வீதம் 13 கிலோ. நிலக்கரியை வெட்டிக் கப்பலேற்றுவதையும் சேர்த்து 14 கிலோ. ஆக, நூறு கிலோமீட்டருக்கு மிச்சம் 5 கிலோ.

ஆனால் மின்சாரக் கார் கடனோடு பிறக்கிறது. நடுத்தரமான ஒரு பாட்டரியைச் செய்வதற்குள்ளாகவே 4 டன் அளவுக்குக் கரியமிலவாயு வெளியேறிவிடும். நூறு கிலோமீட்டருக்கு 5 கிலோவாக அக்கடனை அடைக்க 80,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். ஏறத்தாழ முழுவதும் நீர்மின்சாரம் பெறும் நார்வேயிலோ, மிச்சம் 18 கிலோவாக உயர்வதால் 22,000 கிலோமீட்டரில் கடன் தீர்ந்துவிடும். கார் ஒன்றே, மின்சாரத்தின் பிறப்பிடமே வேறு. 2050-இல் மலேசிய மின்நிலையங்களின் ஆற்றலில் நூற்றுக்கு 70 பங்கு புதுப்பிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்று அரசு 2023-இல் இலக்கு வகுத்தது. அதை நோக்கிச் செல்லச் செல்ல மின்சாரக் காரின் கடனும் விரைவில் தீரும்.

யார் முதலில் மாறவேண்டும்?

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடி, மற்ற நாளெல்லாம் வீட்டு முகப்பில் நிற்கும் கார் தன் கடனை அடைக்கப் பத்தாண்டு ஆகும். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காரோ இரண்டாண்டுக்குள் அடைத்துவிடும். எனவே மிகுதியாக ஓடும் பேருந்து, வாடகைக் கார், பொருள் கொண்டுசெல்லும் வண்டி ஆகியவை முதலில் மாறுவதே நாட்டிற்குப் பயன் தரும். இன்றோ, வாங்கும் வசதியுள்ளவர் வீட்டில் இரண்டாவது காராகவே அது பல இடங்களில் நுழைகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகருக்கு வந்து மலிவுவிலை அடுக்கு வீடுகளில் குடியேறிய குடும்பங்களை எண்ணிப்பார்க்கவேண்டும். நான்காம் மாடியில் வீடு; கீழே பொதுவிடத்தில் வண்டி. மின்னேற்றக் கம்பியை எங்கே நீட்டுவது? மானிய விலையில், அஃதாவது 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய திட்டப்படி லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் கிடைக்கையில், பழைய மோட்டார் சைக்கிளை விடுவதற்கு அவர்களுக்குக் காரணமும் இல்லை. பிறர் வண்டிகளின் புகையை நெரிசலில் நேருக்கு நேர் சுவாசிப்போரும் அவர்களே. அவர்கள் ஏறும் பேருந்து மின்சாரத்தால் ஓடுமாயின், கார் வாங்காமலேயே அவர்களுக்குப் பயன் கிட்டும்.

வீட்டு மின்கட்டணச் சீட்டில் யூனிட் இருக்கிறது. எண்ணெய் நிலையத்துச் சீட்டில் லிட்டர் இருக்கிறது. இவ்விரண்டையும் வகுப்பறைக்குக் கொணரும் ஆசிரியர், பெருக்கல் வகுத்தல் கொண்டே இவ்விவாதத்தை மாணவர்க்கு விளக்கிவிடலாம். விளம்பரம் சொல்வதையும் வசை சொல்வதையும் அப்படியே நம்பாமல், தாமே கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு அங்கே தொடங்கட்டும்.